காலியாக விட அனுமதி இல்லை

சென்னை
12.9.2025

அண்ணா,

என் எண்ணை நீ ப்ளாக் செய்து பதினான்கு மாதம் ஆகிறது. அன்புமணியின் போனிலிருந்து கூப்பிட்டேன், குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய். அதனால்தான் தபால். பேனா பிடித்து வெகுநாளாயிற்று, கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

சண்டையைத் தொடர இதை எழுதவில்லை. அனந்தியின் பள்ளி விண்ணப்பத்தில் சாதி, மதம் இரண்டையும் காலியாக விட்டது நானும் என் கணவர் அன்புமணியும் சேர்ந்து எடுத்த முடிவு. "நைனா செத்து ஆறு மாசம் ஆவல, அதுக்குள்ள அவரு பேத்தியை வெட்டி வுட்டுட்டியே" என்று கேட்டாய். அதற்கு என்னிடம் பதில் இருக்கிறது, இன்னொரு நாள் சொல்கிறேன்.

இப்போது எழுதுவது வேறு விஷயத்துக்கு. போன வாரம் ஜெயசுதா அண்ணி கடையின் போட்டோ ஒன்றை அன்புமணிக்கு அனுப்பியிருந்தார். 'பார்சுவநாதன் விதைக்கடை' என்று புது போர்டு, புது பெயின்ட், எல்லாம் அழகு. ஷட்டர் ஓரம் உள்ளங்கை அளவில் ஒரு ஸ்டிக்கர் இருக்கிறதே, கோட்டைப் படத்துக்குக் கீழே க்யூஆர் கட்டம், 'நம் செஞ்சி நலப் பேரவை' என்று எழுத்து. பக்கத்து மோட்டார் கடையிலும் அதே ஸ்டிக்கர் பாதி தெரிகிறது. போட்டோவைப் பெரிதாக்கி என் போனில் ஸ்கேன் செய்தேன். ராஜகிரிக் கோட்டையும் 'வருக' என்ற வார்த்தையும் வந்தன. வேறொன்றும் இல்லை.

ஒரு படத்தைக் காட்ட அவ்வளவு நீளமான இணைய முகவரி தேவையில்லை அண்ணா. பதினைந்து வருஷமாக நான் செய்யும் வேலை இது. அந்தக் கட்டத்துக்குப் பின்னால் கடைக்கென்று தனி எண் இருக்கிறது. வேறு யாருடைய போனிலோ அது வேறு எதையோ காட்டுகிறது.

யார் ஒட்டினார்கள்? என்னென்ன கேட்டார்கள்? இதை மட்டும் எழுது.

நீலா


செஞ்சி
17.9.2025

நீலாவுக்கு,

உன் கடிதத்தை முதலில் ஜெயசுதாதான் பிரித்தாள். போட்டோ அனுப்பியதற்கு அவளை இரண்டு வார்த்தை கேட்டேன்.

யார் ஒட்டினார்கள் என்று கேட்டாய். நான்தான் ஒட்டினேன். எங்கள் வார்டுக்குப் பேரவைப் பொறுப்பாளர் நான். கோட்டைக்கு உலக அங்கீகாரம் கிடைத்த பிறகு வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்கள், ஊர் ஒழுங்காக இருக்க வேண்டும், யார் எங்கே இருக்கிறார்கள் என்று கணக்கு வேண்டும் என்று முருகையன் ஆரம்பித்தார். மனை வியாபாரம் செய்பவர், உனக்குத் தெரிந்திருக்காது. வீடு வீடாகப் போய்க் குடும்பத் தலைவர் பெயர், தகப்பனார் அல்லது புருஷன் பெயர், போன் நம்பர், எத்தனை பேர், எவ்வளவு நிலம் என்று கேட்டுப் போனில் ஏற்றுகிறோம். சாதி, மதம் கேட்பதே இல்லை. கேட்டால்தானே சண்டை? பெயரைப் போட்டால் மெஷினே கண்டுபிடித்துவிடுகிறது. முருகையன், அவருடைய சில ஆட்கள் போனில் மட்டும் அது தெரியும். ஒருநாள் தஸ்தகீர் பாய் மோட்டார் கடை ஸ்டிக்கர் மேல் அவர் போனைக் காட்டினார், பச்சையாக ஒரு வட்டம் வந்தது. எதிரே இருக்கிற டீக்கடைக்கு மஞ்சள். என்ன துல்லியம்! நீங்கள் சென்னையில் கம்ப்யூட்டரில் என்னவோ செய்கிறீர்களே, அதெல்லாம் இதற்கு முன் ஒன்றுமில்லை.

ஒரு வேடிக்கை கேள். மேட்டுத் தெருவில் பவுனம்மாள் என்று தனியாக இருக்கும் கிழவி, புருஷன் பெயரைச் சொல்லமாட்டேன் என்றுவிட்டாள். "அவன் பேரு என் வாயில வராது, போயிட்டு வா" என்றாள். சரி என்று விட்டால், சிவப்பு எழுத்தில் 'காலியாக விட அனுமதி இல்லை. தெரியாவிட்டால் உத்தேசமாக நிரப்புக' என்று வந்து நிற்கிறது. அப்போது உன்னைத்தான் நினைத்தேன். உன் மகளுக்கு நீ வாங்கிய 'சாதி, மதம் அற்றவர்' சான்றிதழ் அந்த மெஷினிடம் செல்லாது!

கோயிலுக்கும் போகாமல், குலத்தையும் விட்டு, மதச்சார்பின்மை என்று ஒரு பேரை வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்டுவாய்? ஆபத்து என்று வந்தால் மனுஷனுக்கு அவன் கூட்டம்தான் வந்து நிற்கும். அதற்காகத்தான் தெருத்தெருவாக அலைகிறேன்.

தேவராஜ்


சென்னை
22.9.2025

அண்ணா,

உன் கடிதத்தை ஆபீசுக்குக் கிளம்பும்போது பிரித்தேன். அன்று போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

'காலியாக விட அனுமதி இல்லை. தெரியாவிட்டால் உத்தேசமாக நிரப்புக.' அந்த வரியை எழுதியது நான்.

போன வருஷம் ஒரு ஜவுளிக்கடைக்காரர் எங்கள் கம்பெனிக்கு வந்தார். பில்லில் வாடிக்கையாளரின் பெயரும் நம்பரும் இருக்கின்றன, தீபாவளிக்கு யாருக்கு மெசேஜ் அனுப்புவது, ரம்ஜானுக்கு யாருக்கு, கிறிஸ்துமஸுக்கு யாருக்கு என்று தெரியவேண்டும் என்றார். பெயரை வைத்து மதத்தை ஊகிக்க ஒரு புரோகிராம் கேட்டார். எனக்கு அது ஒரு கணக்காகத்தான் தெரிந்தது, நல்ல கணக்கு. முதலில் 'தெரியவில்லை' என்று ஒரு பிரிவு வைத்திருந்தேன். நூற்றில் இருபது பெயர் அதில் போய் விழுந்தது. எங்கள் மேலாளர் ஜெயக்கொடி, "இருபது பேருக்கு மெசேஜ் போகாதுன்னா நான் அவருக்கு இன்னா பதில் சொல்றது? காலியே வரக்கூடாது" என்றார். எடுத்துவிட்டேன். அனந்தியின் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீஸுக்கு நான் அலைந்துகொண்டிருந்த அதே மாதம். பகலில் என் மகளுக்கு ஒரு கட்டத்தைக் காலியாக வைத்திருக்கும் உரிமைக்கு மனு எழுதினேன், ஆபீசில் மற்ற எல்லாருக்கும் அதை மூடினேன். இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமுள்ளவை என்று எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. இதை நீ நம்பமாட்டாய்.

ஜவுளிக்கடைக்கு விற்றதை அதன்பின் யார் யாருக்கு விற்றார்கள் என்று எனக்குத் தெரியாது. இப்போது தெரிகிறது.

துல்லியம் என்று எழுதியிருக்கிறாய். அந்த மெஷினுக்கு ஒன்றும் தெரியாது அண்ணா. அது ஊகிக்கிறது, ஆறில் ஒன்று தப்பு. ஜவுளிக்கடையில் தப்பினால் ஒருவருக்குத் தவறான வாழ்த்து போகும், சிரித்துவிட்டு அழித்துவிடுவார். வீட்டு வாசலில் ஒட்டினால்?

இதோடு நிறுத்து. ஸ்டிக்கரைக் கிழி. இதைப் பற்றிப் போனில் பேசாதே, அந்த ஆப் உன் போனில் இருக்கும் அத்தனை எண்களையும், நீ யாரோடு பேசினாய் என்பதையும் எடுத்துக்கொள்ளும். அந்தப் பகுதியும் நான் எழுதியதுதான். கடிதமே எழுது.

நீலா


செஞ்சி
9.10.2025

நீலாவுக்கு,

பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

நீ செய்தது உன் வேலை. நான் செய்வது ஊர் வேலை. கத்தி செய்தவனைக் கேட்டால் நான் காய் நறுக்கத்தான் செய்தேன் என்பான், அதுபோல இருக்கிறது நீ எழுதியிருப்பது. நிறுத்து என்று நீ சொன்னால் நான் நிறுத்த முடியுமா? நாற்பது பேர் சேர்ந்து செய்கிற காரியம்.

ஆனால் ஒன்று நடந்தது. ஜெயசுதாவிடம் சொல்ல முடியவில்லை, உனக்கு எழுதுகிறேன்.

போன மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் கூட்டம். முருகையன் பட்டியல் வாசித்தார், பச்சை வட்டக் கடைகள் இருபத்தி மூன்று. "இன்னா செய்யணும்னு நான் சொல்லல. நம்ம காசு நம்மகிட்டயே சுத்தணும், அவ்ளோதான்" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

அடுத்த வாரத்திலிருந்து தஸ்தகீர் பாய் கடைக்கு மோட்டார் வரவில்லை. கிணற்று மோட்டார் எரிந்தால் இந்தப் பக்கம் இருபது கிராமத்துக்காரர்கள் அவரிடம்தான் காயில் கட்டக் கொண்டுவருவார்கள், நைனா காலத்திலிருந்து. இப்போது அவர் கடையைத் தாண்டித் திண்டிவனம் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். நேற்று மதியம் அவர் என் கடைக்குள் வந்தார். எப்போதும் வெளியிலிருந்தே "தேவராஜு" என்று குரல் கொடுப்பவர், உள்ளே வந்து மூட்டை மேல் உட்கார்ந்தார்.

"தேவராஜு, அந்த ஸ்டிக்கரு நீதான ஒட்டுன?"

"ஆமா பாய்."

"அதுல என் கடையைப் பத்தி இன்னா எழுதியிருக்குது?"

"கோட்டைப் படம்தான் பாய். நீங்களே ஸ்கேன் பண்ணிப் பாருங்களேன்."

"பாத்தேன். கோட்டைதான் வருது." போனைச் சட்டைப்பையில் போட்டார். "எனக்குக் கோட்டை வருது. அவங்களுக்கு இன்னா வருதுன்னு உன்னைக் கேக்கறேன்."

நான் விதைப் பாக்கெட்டை எண்ணுகிறவன்போல் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் எழுந்து போய்விட்டார். நைனாவுக்கு மூச்சு முட்டியபோது அவர் வண்டியில்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனோம், உனக்கு நினைவிருக்கும்.

நாளாக நாளாக எல்லாம் சரியாகிவிடும். வியாபாரத்தில் இப்படி ஏற்ற இறக்கம் வரும்.

தேவராஜ்


சென்னை
16.10.2025

அண்ணா,

நீ கத்தியைப் பற்றி எழுதியது சரிதான்.

உனக்கு வேறொன்று சொல்ல வேண்டும். உட்கார்ந்து படி.

செஞ்சிப் பட்டியலைத் திறந்து பார்த்தேன். எனக்கு அந்த அனுமதி இருக்கிறது, இதுவரை பார்க்கத் தோன்றவில்லை. பதினோராயிரம் வீடு. தெருப் பெயர் போட்டுத் தேடினேன். தஸ்தகீர் பாய் பச்சை. டீக்கடை மஞ்சள். நம் கடைக்கும் வீட்டுக்கும் சாம்பல் நிறம். சாம்பல் என்றால் 'வெளியார்' என்று எழுதியிருக்கிறது.

நாம்தான் அண்ணா, வெளியார்.

எப்படி என்று கேட்பாய். ஜவுளிக்கடைக்காகச் செய்தபோது வடக்கிலிருந்து வந்த வியாபாரிகளுக்கு ஒரு தனிப் பிரிவு வேண்டும் என்றார்கள். மெஷினுக்குக் கற்றுக்கொடுக்கப் பெயர்கள் வேண்டும், என்னிடம் இருந்தது முப்பதோ என்னவோ, போதவில்லை. நம் தமிழ்ச் சமண நைனார்களுக்கு என்று தனிப் பிரிவு இல்லை. மாலைக்குள் முடித்துக் கொடுக்கவேண்டும். வடக்கத்திச் சமணர் பெயரும் நம் பெயரும் ஒரே மாதிரிதானே என்று நைனா பெயர், உன் பெயர், என் பெயர், மேல்சித்தாமூரில் இருக்கும் சித்தப்பா குடும்பம், நினைவுக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லாரையும் சேர்த்து அந்தப் பிரிவில் போட்டேன். யாருக்கு எந்த வாழ்த்து போனால் என்ன என்று நினைத்தேன். அப்போது அதன் பெயர் 'வடக்கு'. பேரவைக்காரர்கள் 'வெளியார்' என்று மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

செஞ்சியைச் சுற்றி நம் வீடுகள் நானூற்றிச் சொச்சம். எல்லாம் சாம்பல். ஒவ்வொன்றையும் அந்த மெஷின் என்னிடமிருந்துதான் கற்றது.

ஜெயக்கொடியிடம் போய்ச் சொன்னேன். "வாங்குனவங்க எதுக்குப் பயன்படுத்துறாங்கன்னு நாம கேக்க முடியாது நீலாஞ்சனா. உங்க ஊர்னா நீங்க அதுல தலையிடாம இருக்கிறது நல்லது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ரொம்ப அன்பாகச் சொன்னார்.

அன்புமணியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் அனந்திக்கு ஷூ மாட்டிவிட்டு, "உங்கம்மா ஆபீஸ்ல இன்னா வேலை செய்றாங்கன்னு உனக்குத் தெரியுமா பாப்பா" என்றார். அவள் தெரியாது என்றாள். "எனக்கும் தெரியாம இருந்துச்சு" என்றார்.

நீ அந்தப் பேரவையிலிருந்து விலகு, உடனே.

நீலா


செஞ்சி
3.11.2025

நீலா,

உன் கடிதம் வந்த அன்று நான் நம்பவில்லை. பொறாமையில் எழுதுகிறாய் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் இரண்டு பேர் கடைக்கு வந்தார்கள். புது ஆட்கள். ஒருத்தன் போனை எடுத்து ஸ்டிக்கர் மேல் காட்டிப் பார்த்தான். அப்புறம், "சேட்டு, யூரியா இருக்குதா?" என்றான்.

"யாருடா சேட்டு?" என்றேன்.

"நீதான். போர்டுலயே போட்டுருக்குதே, பார்சுவநாதன்னு. எந்த ஊர்லேருந்து வந்தீங்க?"

"எந்த ஊர்லேருந்தும் வரல. திருநாதர் குன்றுல பாறையில இருபத்திநாலு சமண சாமி உக்காந்துருக்குதே, அது யாரு செதுக்குனதுன்னு போய்ப் பாரு. எனக்குத் தமிழைத் தவிர வேற பாஷை தெரியாது" என்றேன். அவன் சிரித்துக்கொண்டே, "போன்ல வேற மாதிரி போட்டுருக்குதே" என்றான். என் முகத்தைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை, போனைப் பார்த்துச் சொன்னான்.

தஸ்தகீர் பாய் போய்விட்டார். வெள்ளிக்கிழமை மதியம், பஜார் முழுக்க ஆள் இருக்கும் நேரம், ஒரு மினி லாரியில் காயில் கட்டும் மெஷினையும் பீரோவையும் ஏற்றினார். அவரும் அவர் மனைவியும் மட்டும் தூக்கினார்கள். மழைத் தூறல். டீக்கடையில் பத்துப் பேர் நின்றோம், யாரும் கை கொடுக்கவில்லை. முந்தின நாள் அவர் கடைப் பூட்டில் யாரோ பசையை ஊற்றி அடைத்திருந்தார்கள், ஷட்டரை அறுத்துத்தான் திறந்தார். யார் செய்தது என்று எல்லாருக்கும் தெரியும். வண்டி கிளம்பும்போது என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நீலா, உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன். நம் வீட்டை மட்டும் மஞ்சளாக மாற்றிவிடு. மற்ற வீடுகளைத் தொடாதே, நிறைய மாற்றினால் கண்டுபிடித்துவிடுவார்கள். மார்கழிப் பட்டத்துக்கு மல்லாட்டைக் கடலை விதை முழுக்க இறக்கி வைத்திருக்கிறேன். ஜெயசுதா கடைக்கு வருவதை நிறுத்திவிட்டேன். நான் பேசியதெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளாதே.

தேவராஜ்


சென்னை
10.11.2025

அண்ணா,

மாற்றிவிட்டேன்.

நம் வீடும் கடையும் இப்போது மஞ்சள். வியாழக்கிழமை காலை ஆபீசில் எல்லாரும் காபிக்குப் போயிருந்தபோது செய்தேன். ஒரு கட்டத்தைத் திறந்து, வேறொன்றைத் தேர்ந்து, சேமி என்று ஒரு பொத்தான். நானூறு வீட்டில் நம்முடையதை மட்டும். சித்தப்பா வீடு அடுத்த வரியில் இருந்தது, அதைத் தொடவில்லை. தஸ்தகீர் பாய் இடம் 'காலி' என்று காட்டியது. ஆள் போனபிறகு காலியாக விட அனுமதிக்கிறது போல.

சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்கமாட்டேன். என் அண்ணனைக் காப்பாற்றிவிட்டேன் என்று இருந்தது. அது மதியம் வரை.

மதியம் ஜெயக்கொடி கூப்பிட்டார். பட்டியலில் யார் எந்தத் திருத்தம் செய்தாலும் அதை வாங்கியவருக்குத் தானாக ஒரு மெயில் போகும். அந்த ஏற்பாடு இருப்பதே எனக்கு மறந்துவிட்டது. 'ஒரு திருத்தம் செய்யப்பட்டது. செய்தவர்: நீலாஞ்சனா பார்சுவநாதன்.' என் பெயருக்குப் பின்னால் நைனா பெயர், கடை போர்டில் இருக்கும் அதே பெயர்.

"வாங்குனவங்க ஒண்ணும் புகார் பண்ணல. நன்றின்னு பதில் போட்டிருக்காங்க" என்றார் ஜெயக்கொடி.

எதற்கு நன்றி அண்ணா? எனக்கு அந்த வார்த்தைதான் பயமாக இருக்கிறது. முருகையன் வந்தால், பேசினால், ஒரு வார்த்தை விடாமல் எழுது.

நீலா


செஞ்சி
24.11.2025

நீலா,

வந்தார்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு, தனியாக. செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தார், அவ்வளவு மரியாதை. டீ சொன்னேன், குடித்தார். "உங்க தங்கச்சி அங்கதான் வேலை செய்றாங்கன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லவே இல்லையே தேவராஜ்" என்றார்.

காலி டீ கிளாஸை எடுத்து ஓரமாக வைத்தேன்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. வீட்டுக்கு வீடு செய்யறதுதான். உங்க எடத்துல நான் இருந்தா நானும் அதான் செய்வேன்." சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேசை மேல் வைத்தார். "இந்த ஏழு வீடு மஞ்சள்ல இருக்குது. சாம்பலா மாத்தணும். தங்கச்சிகிட்ட சொல்லுங்க. ஒரு மாசம் டைம் எடுத்துக்கட்டும், அவசரம் இல்ல."

"இவங்கல்லாம் இந்த ஊர்க்காரங்க ஆச்சே" என்றேன்.

"நேத்து வரைக்கும் நீங்க வெளியூருதான். இப்ப உள்ளூரு ஆயிட்டீங்க இல்ல?" என்று சிரித்தார்.

ஏழும் எனக்குத் தெரிந்த பெயர்கள். ஏழு பேருக்கும் கோட்டைக்குப் போகும் பாதையில் நிலம். முருகையன் ஒரு வருஷமாக விலை கேட்டும் கொடுக்காதவர்கள். மூன்றாவது பெயர், லட்சுமியம்மாள், சிங்கவரம். உன் மாமியார்.

இத்தனை நாள் இது சாமி விஷயம் என்று நினைத்துக்கொண்டு அலைந்தேன் நீலா. அந்தக் காகிதத்தில் சாமி எங்கேயும் இல்லை. ஆனால் சாமியைச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் அந்த ஸ்டிக்கரைக் கையில் வாங்கியிருக்கமாட்டேன்.

அவர் போனபிறகு இரண்டு நாள் ஒன்றும் செய்யவில்லை. செய்துவிடலாம் என்றுகூட நினைத்தேன், உன்னிடம் பொய் சொல்லவில்லை. உன் மாமியாரை விட்டுவிட்டு மற்ற ஆறை மட்டும் என்று பேசிப்பார்க்கலாமா என்று யோசித்தேன். இன்று காலை சிங்கவரத்துக்கு சைக்கிளில் போனேன். அந்த அம்மா வயலில் நாற்றுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்க தம்பி, பேத்தி நல்லா இருக்குதா? உங்க ரெண்டு பேருக்கும் ராசி ஆயிடுச்சாமே" என்றார். உன் கல்யாணத்துக்குப் பிறகு அந்த வீட்டு வாசலை நான் மிதித்ததில்லை. கஞ்சி கொடுத்தார், குடித்தேன். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மண்வெட்டியால் வாய்க்காலை அடைத்துவிட்டு வந்தார். "அப்ப அந்த பாய் போனது இதாலதானா?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் காகிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். முருகையன் கையெழுத்து, கீழே போன் நம்பர்கூட எழுதியிருக்கிறார். இதுவரை நடந்ததைத் தேதிவாரியாக நான் எழுதிக் கையெழுத்துப் போட்ட நாலு பக்கமும் இருக்கிறது. கல்யாண மண்டபத்தில் நான் கை தட்டியதையும் எழுதியிருக்கிறேன். ஒரு வக்கீலிடம் கொடு.

நம் வீட்டைப் பழையபடி சாம்பலாக்கிவிடு. அந்த மஞ்சள் இருக்கிறவரை நான் அவர் ஆள்.

உன் அண்ணன்
தேவராஜ்


சென்னை
15.12.2025

அண்ணா,

சாம்பலாக்கிவிட்டேன். இந்த முறை மெயில் போகட்டும் என்றே செய்தேன். செய்வதற்கு முன் பட்டியலையும், யார் எப்போது அதை வாங்கினார்கள் என்ற விவரத்தையும் எடுத்து வக்கீல் அன்புக்கரசியிடம் கொடுத்துவிட்டேன். விழுப்புரத்தில் இருக்கிறார், அன்புமணியோடு படித்தவர். மறுநாள் காலை ஆபீஸ் வாசலிலேயே என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். என் மேசையில் இருந்த அனந்தியின் படத்தைக்கூட எடுக்க விடவில்லை. என் மேலும் வழக்கு வரும் என்கிறார் அன்புக்கரசி. வரட்டும், வரவேண்டியதுதான்.

மனுவை எடுத்துக்கொண்டார்கள். ஜனவரி ஒன்பது, வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு விழுப்புரம் கோர்ட்டில் நீ நேரில் வந்து சொல்லவேண்டும். என்னிடம் இருப்பது வெறும் எண்கள், அவற்றை நானே தயாரித்தேன் என்று சொல்லிவிடலாம். கையில் காகிதத்தை வாங்கியவன் நீ. நீ வராவிட்டால் வழக்கு நிற்காது.

அன்புமணி இரண்டு மாதத்துக்குப் பிறகு நேற்று என்னோடு பேசினார். 'அம்மாவைப் போய்க் கூட்டி வந்துவிடலாமா' என்று கேட்டார், அவ்வளவுதான், ஆனால் என்னைக் கேட்டார். அத்தை வரமாட்டேன் என்றுவிட்டார், நாற்று நட்டாகிவிட்டதாம்.

பதினேழு மாதத்துக்கு முன் நீ கேட்ட கேள்விக்குப் பதில் இருக்கிறது என்று முதல் கடிதத்தில் எழுதினேன். யோசித்துப் பார்த்தால் எனக்கும் அது முழுதாகத் தெரியவில்லை. என் மகளைப் பார்த்து ஒருவர் என்ன நினைக்க வேண்டும் என்பதை அவள் பிறப்பதற்கு முன்பே எழுதி வைத்துவிடக்கூடாது என்று மட்டும் தோன்றியது. அதை எல்லார் பிள்ளைக்கும் நினைக்கத் தெரியாமல் போனது.

நீ வீட்டை விட்டு நான்கு நாள் இங்கே வந்து இரு. அண்ணியையும் கூட்டிவா.

நீலா


செஞ்சி
4.1.2026

நீலா,

ஜெயசுதாவை அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். நான் வரவில்லை. கடையை மூடினால் பயந்து ஓடிவிட்டேன் என்று ஆகும். திறந்து வைத்திருக்கிறேன்.

முருகையன் இரண்டு தடவை ஆள் அனுப்பினார். முடியாது என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு யாரும் மிரட்டவில்லை, கல் எறியவில்லை. கடைக்கு ஆள் வருவது மட்டும் நின்றுவிட்டது. மல்லாட்டை விதைக்கிற மாசம், ஒருநாளைக்கு அறுபது பேர் வந்து நிற்கிற மாசம், பதினெட்டு நாளாக ஒருத்தர் இல்லை. தெரிந்த முகங்களே எதிர்ப்பக்கமாக நடந்து போகிறார்கள். எதிரே டீக்கடையில் அந்த இரண்டு பேரும் காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்திருக்கிறார்கள். நான் நிமிர்ந்தால் கை காட்டுகிறார்கள். நானும் பதிலுக்குக் கை காட்டுகிறேன், வேறென்ன செய்ய?

தஸ்தகீர் பாயை போனில் பிடித்தேன். ஆரணியில் மச்சான் வீட்டில் இருக்கிறார். மன்னிப்புக் கேட்டேன். "நீ அன்னிக்கே உண்மையைச் சொல்லியிருந்தா நான் முன்னாடியே இடம் பாத்திருப்பேன் தேவராஜு. மெஷினைப் பாதி வெலைக்கு வித்துட்டேன்" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. ஆனால் ஒன்பதாம் தேதி எத்தனை மணிக்கு என்று கேட்டார். தானும் வருவதாகச் சொன்னார்.

இன்னொன்று. உன் போன கடிதம் வந்த நாள் நான் சாப்பிடப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது ஷட்டருக்குக் கீழே கிடந்தது. உறையின் வாயில் பசை ஈரமாக இருந்தது. நீ இரண்டு தரம் ஒட்டினாயா? நீ அப்படி ஒட்டுகிறவள் இல்லை.

அதனால் அவர்களுக்குத் தேதி தெரியும், நேரம் தெரியும். இந்தக் கடிதத்தையும் உனக்கு முன்னால் யாராவது படிக்கலாம். படிக்கட்டும். நான் வந்து நின்று, நடந்ததை முதலிலிருந்து சொல்வேன் என்பதை அவர்களும் படித்துக்கொள்ளட்டும்.

எந்த வழியாக வருகிறேன், எந்த பஸ், எத்தனை மணிக்கு ஏறுகிறேன் என்று ஜெயசுதாவிடமும் சொல்லவில்லை. உனக்கும் எழுதவில்லை. வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு கோர்ட் வாசலில் நில். நான் வந்தால் பார்ப்பாய்.

தேவராஜ்